மூன்றாவது துளை

திங்கட்கிழமை காலை திலகவதி மேடம் போன் செய்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டுப் படுக்கப் போன நேரம்.

“இளம்பரிதி, மதியோட ஹார்ட் டிஸ்க் உங்ககிட்டதானே இருக்கு?”

“இருக்குங்க மேடம்.”

எழில்மதி என் மனைவி. மேடம் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. எழில்மதி இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. மூளைக்காய்ச்சல். ஐந்து நாளில் முடிந்துவிட்டது. அதைப் பற்றி வேறு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமாக நிலக்கரிக்குள் இருக்கும் மகரந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே வெட்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரி ஒரு காலத்தில் காடு. மரம் கரியாகிவிட்டது. மகரந்தத்துக்கு மட்டும் தோல் கெட்டி, அப்படியே இருக்கிறது. கரியை ரசாயனத்தில் ஊறவைத்து, மிஞ்சுவதை ஜெல்லியோடு கண்ணாடி ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அங்கே என்ன மரம் நின்றது என்று சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு முறை இதை எனக்குச் சொன்னாள். நான் “சரி” என்றேன். பிறகு சொல்லவில்லை.

மேடம் விஷயத்தைச் சொன்னார். எழில்மதியும் கூடப் படித்த சுதாகரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒரு பத்திரிகைக்குப் போயிருக்கிறது. அதில் எழில்மதி கண்டுபிடித்த ஒரு மகரந்தம் வருகிறது. இந்தப் பக்கத்துக் கரியில் இதுவரை யாரும் பார்க்காதது. கட்டுரையைப் பரிசீலித்தவர், அதன் தோலில் மூன்று துளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, மூன்றையும் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஸ்லைடு இப்போது உதவாது. கோடையில் ஜெல்லி இளகி ஓடி, அந்த ஒரு துகள் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் எடுத்த வீடியோ மட்டும்தான் இருக்கிறது.

“வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைசி. படம் இல்லைன்னா அந்தப் பகுதியையே எடுத்துடணும். எடுத்துட்டா மீதி எல்லாம் சுதாகரோட வேலை. மதி பேரு முதல்ல இருக்கு, அது கடைசிப் பக்கத்துல நன்றி சொல்ற இடத்துக்குப் போயிடும். எனக்கு மனசு வரல. சுதாகரை அனுப்பறேன், டிஸ்க்கைக் குடுத்துடுங்க.”

“வேணாம் மேடம். நானே படம் எடுத்து அனுப்பறேன். வீடியோவுலேருந்து படம் எடுக்கறதுதான் என் வேலையே.”

பொய் இல்லை. மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் கண்ட்ரோல் ரூமில் இருக்கிறேன். பன்னிரண்டு டிவியில் கன்வேயர் பெல்ட் ஓடும். ஷிப்ட் ரிப்போர்ட்டுக்கு எங்கே என்ன வேண்டுமோ அங்கே நிறுத்தி, பெரிதாக்கி, படம் பிடித்து ஒட்டுவேன். ஐந்து வருடமாக அதுதான்.

ஆனால் நான் டிஸ்க்கைக் கொடுக்காததற்கு அது காரணம் இல்லை.

பொங்கல் விடுமுறையில் அந்த டிஸ்க்கை ஒரு முறை திறந்தேன். இருநூற்றுப் பதினான்கு வீடியோக்கள். ஒன்றைத் தட்டினேன். மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் ஏதோ மிதந்தது. பிறகு அவள் குரல் வந்தது. லேப்டாப் மைக்கை அணைக்காமலே எடுத்திருக்கிறாள்.

“டேய் சுதா, இங்க வந்து பாருடா. எரும, அப்புறம் டீ குடிக்கலாம்.”

ஆறு செகண்டில் மூடிவிட்டேன்.

இரண்டு வருடம் இரண்டு மாதம் என்னோடு வாழ்ந்தாள். என்னை “என்னங்க” என்பாள். சாப்பிட வாங்க, கரண்ட் பில் கட்டிட்டீங்களா, ஷர்ட்டை மாத்துங்க. சண்டை போட்டதில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எங்களை உதாரணமாகச் சொல்வார்கள். அந்த வாயில் ‘எரும’ என்று ஒரு வார்த்தை இருந்தது எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு நாளும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் சுதாகரை ஏழு மாதமாக வெறுத்தேன்.

தப்பாக எதுவும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மேடம் சொன்ன தேதியை வைத்து வீடியோவைத் தேடி எடுத்தேன். பதினோரு நிமிடம். சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினேன். வட்டமான வெளிச்சம். நடுவில் தேன் நிறத்தில் ஓர் உருண்டை. மூக்குத்தி மாதிரி பளபளப்பு. ஓரத்திலிருந்து ஓர் ஊசியின் நிழல் வந்து மேல்கண்ணாடியை அழுத்துகிறது. உருண்டை மெதுவாகப் புரள்கிறது. தெளிவாகிறது, மங்குகிறது, மறுபடியும் தெளிவாகிறது.

எங்கெல்லாம் தெளிவாக இருந்ததோ அங்கெல்லாம் நிறுத்தினேன். கண்ட்ரோல் ரூமில் செய்கிற மாதிரியே உருண்டையை மட்டும் பெரிதாக்கி, சுற்றி இருந்ததை வெட்டிவிட்டு, ஆறு படம் எடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தன. மேடத்துக்கும் சுதாகருக்கும் அனுப்பினேன்.

புதன்கிழமை மதியம் சுதாகர் போன் செய்தான்.

“அண்ணா, சாப்டீங்களா?”

“சொல்லுங்க.”

“படம் பாத்தேன். ரொம்ப ஷார்ப்பா இருக்குதுண்ணா.” கொஞ்சம் தயங்கினான். “ஆனா நூறு லென்ஸுன்னு வச்சு அளவு போட்டுப் பாத்தா எம்பத்தாறு மைக்ரான் வருது. அது மக்காச்சோள மகரந்தத்து சைசு. மதி நோட்டுல இருபத்தெட்டுன்னு எழுதி வச்சிருக்குது.”

“அதுக்கு?”

“நீங்க நடுவுல பெருசு பண்ணி வெட்டிட்டீங்க போலருக்கு. வெட்டாம, முழுத் திரையோட அப்படியே எடுத்தாத்தான் அளவு நிக்கும். இல்லன்னா நம்ம இஷ்டத்துக்கு யானைன்னும் சொல்லலாம், எறும்புன்னும் சொல்லலாம்.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

“இன்னொண்ணு, எந்த லென்ஸுன்னு தெரியணும். நாப்பதா, நூறான்னு. மதி எழுதாது. ரெண்டு கையும் வேலையா இருக்கும், ஒண்ணுல ஊசி, ஒண்ணுல ஃபோகஸ். அதனால வாயால சொல்லிக்கினே செய்யும். லென்ஸு, ஸ்லைடு நம்பரு, எல்லாம் அந்த வீடியோவுலயே பேசி வச்சிருக்கும். மைக்கை ஆஃப் பண்ணாதன்னு எங்கிட்ட சண்டை போடும். வீடியோவுல சத்தம் வருதாண்ணா?”

ஆக, அது மறதி இல்லை. வேண்டுமென்றே திறந்துவைத்த மைக். சுதாகருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

“சத்தம் இல்ல,” என்றேன்.

“இல்லையா?”

“இல்ல. வெறும் படம்தான்.”

“ஓ,” என்றான். “நான் இருக்கும்னு நெனச்சேன்.”

போனை வைத்த பிறகுதான் நான் செய்தது உறைத்தது. லென்ஸ் தெரியாமல் அளவு இல்லை. அளவு இல்லாமல் அந்த மகரந்தம் இல்லை. அது இல்லாவிட்டால் எழில்மதியின் பெயர் கடைசிப் பக்கத்துக்குப் போகும், சுதாகரின் பெயர் முதலில் வரும். அவனுக்கு அவள் குரல் போய்விடக் கூடாது என்று அவள் பெயர் இருந்த இடத்தையே அவனுக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை லீவு சொன்னேன். அம்மா வடலூர் சந்தைக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வீடியோவை முதலிலிருந்து ஓட்டினேன். நம்பரை மட்டும் எழுதிக்கொள்வது, மற்றதைக் காதில் வாங்கக் கூடாது என்று முடிவு.

“ஸ்லைடு முப்பத்தொண்ணு பி. லென்ஸ் நூறு, எண்ணெய் போட்டிருக்கு.”

எழுதிக்கொண்டேன். வேலை முடிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“சுதா, ஜெல்லி இளகியிருக்கு, இப்ப உருட்டிடலாம். பேசாம இரு.”

“நான் எங்க பேசனேன்.”

“மூச்சு விடற. டேபிள் ஆடுது.”

“மூச்சு விடாம செத்துட்டா நிலக்கரியாப் போயிடுவேன். அப்புறம் ஒரு நாள் நீதான் என்னையும் கரைக்கணும்.”

“உன்னக் கரைச்சா பரோட்டாதான் மிஞ்சும்.”

சிரிப்பு. அவள் சிரிப்பு எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். இது வேறு. மூக்கால் வருகிற சிரிப்பு. திரையில் உருண்டை அதிர்ந்தது. அவள் சிரித்ததால் அதிர்ந்தது.

நான்காவது நிமிடத்தில் ஊசி விலகியது. ஏதோ காத்திருந்தார்கள். அவள் பேசினாள்.

“வடக்க அந்த லேப்லேருந்து லெட்டர் வந்துடுச்சுடா. ரெண்டு வருஷ வேலை. வரச் சொல்றாங்க.”

“சூப்பரு. வூட்ல சொன்னியா?”

“இன்னும் இல்ல.”

“ஏன், திட்டுவாரா?”

“திட்டினாத்தான் பரவாயில்லையே. சரின்னு சொல்வாரு. எது சொன்னாலும் சரி. போறேன்னாலும் சரி, போகலைன்னாலும் சரி. செவுத்துக்கிட்ட அனுமதி கேக்கற மாதிரி இருக்கு. நீயாவது போகாதன்னு சொல்லுடா.”

“போகாத. நீ போனா எனக்கு ஆசிட் யாரு கலந்து தருவா.”

“போடா எரும.”

வீடியோவை நிறுத்தினேன். தேதியைப் பார்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு நாற்பது நாள் முன்னால். நாற்பது நாளில் அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

போகாதே என்று சொல்லும் இடம் என்னுடையது. அதில் அவன் உட்கார்ந்திருந்தான். அதுவும் விளையாட்டுக்கு.

மீண்டும் ஓட்டினேன். ஒன்பதாவது நிமிடம். ஊசி அழுத்தியது, உருண்டை புரண்டது. அவள் குரல் தாழ்ந்தது.

“டேய் சுதா. சுதா, இதோ. மூணாவது. பாத்தியா, பாத்தியா.”

நான்கு செகண்ட். பிறகு “போச்சு” என்றாள்.

படம் எடுக்க வேண்டிய இடம் அதுதான் என்பது எனக்கே புரிந்தது. அவள் அவன் பெயரைச் சொல்கிற இடம். செகண்டுக்கு இருபத்தைந்து படம், நான்கு செகண்டுக்கு நூறு. முழுத் திரையாக, வெட்டாமல், ஒன்று ஒன்றாக நகர்த்தி நூறையும் எடுத்தேன். நூறு தடவை நிறுத்தி அந்த நான்கு செகண்டைத் தாண்டினேன். மதியம் மூன்று மணி வரை அந்த நூறையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் உருண்டைதான் இருந்தது. எது துளை, எது தூசி, எது வெளிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. பெல்ட்டில் ஒரு கீறல் இருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இதில் நான் குருடன். அவள் “பாத்தியா” என்று கேட்டது பார்க்கத் தெரிந்தவனை.

சுதாகருக்குப் போன் செய்தேன்.

“சத்தம் இருக்கு,” என்றேன். “வாங்க.”

அவன் பின்னால் ஏதோ பஸ் ஹாரன்.

“காலைல மொத பஸ்ஸுக்கு வர்றேண்ணா.”

ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வந்தான். கம்மாபுரம் பக்கம் அவன் ஊர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். ஒல்லி. துக்கத்துக்கு வந்தபோது பார்த்தது, இப்போது தாடி வைத்திருந்தான். ஒரு ஸ்வீட் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தான்.

அம்மா என்னிடம் வந்தாள். “அந்தப் புள்ள வாசல்லயே நின்னுக்கினு இருக்குது. உள்ள கூப்புடேன்டா. பரிதி, ஒனக்கு என்னா ஆச்சு?”

“வாங்க,” என்றேன்.

“இட்லி சாப்புட்டுட்டு ஒக்காருப்பா,” என்றாள் அம்மா.

“வேணாம்மா, வூட்ல சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்.”

“வூட்ல சாப்ட்டா எங்க வூட்ல சாப்புடக் கூடாதா? எளச்சிப் போயிட்டியே. மதி உன்னப் பத்தி சொல்லும், மூணு பரோட்டா திம்பான்னு.”

அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஸ்லைடு முப்பத்தொண்ணு பி,” என்றாள் எழில்மதி.

அவ்வளவுதான். சுதாகர் அழ ஆரம்பித்தான். முகத்தை மூடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே அழுதான். மூக்கிலிருந்து வழிந்தது, முழங்கையால் துடைத்தான், திரும்பவும் அழுதான். அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

நான் அவனைப் பார்த்தேன். ஒன்பது மாதத்தில் எனக்கு இது வரவில்லை. காரியத்தன்று வரவில்லை. அவள் செருப்பை எடுத்துப் பரணில் போட்டபோது வரவில்லை. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் அதைச் செய்துகொண்டிருந்தான். எவ்வளவு சுலபமாகச் செய்கிறான். ‘எரும’வைவிட, போகாதேவைவிட, எனக்கு அது பொறுக்கவில்லை.

“நேரமாகுது,” என்றேன்.

“ஆமாண்ணா. மன்னிச்சுக்கங்க.”

வேலையில் அவன் வேறு ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் எடுத்த நூறு படத்தையும் வேகமாகத் தள்ளினான். நான் தெளிவானது என்று தனியாக வைத்திருந்தவற்றைத் தொடவே இல்லை.

“இதெல்லாம் நல்லா இருக்கே,” என்றேன்.

“நல்லா இருக்கும். மேல் தோல் ஃபோகஸ்ல இருக்குது, அதான் கண்ணுக்கு அழகா தெரியுது. துளை தோலுக்குக் கீழ கிண்ணம் மாதிரி எறங்கும். அது தெரியணும்னா மேல மங்கணும்.” ஐம்பத்தெட்டாவது படத்தில் நிறுத்தினான். எனக்கு அது கெட்டுப்போன படம். “இந்த ஓரத்துல பாருங்க. கருப்பா ஒரு வளையம். உள்ள சின்னதா ஒரு பிறை மாதிரி. தெரியுதா?”

பார்த்தேன். கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அதன் பிறகு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

“அதான் மூணாவது,” என்றான்.

மற்ற இரண்டு துளைகளுக்கும் இதே மாதிரி, அவள் குரல் மாறுகிற இடத்தில் ஓட்டி, நிறுத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்தோம். நிறுத்துவது நான். எது என்று சொல்வது அவன். “ஒண்ணு பின்னால... இன்னும் ஒண்ணு... அங்க.” கடிதத்தைப் பற்றிப் பேசிய இடத்தைத் தாண்டிப் போனேன். அவன் கையை என் மணிக்கட்டுக்கு அருகில் கொண்டுவந்து, பிறகு எடுத்துக்கொண்டான். அவனுக்கு அந்த இடம் நினைவிருந்தது. நான் கேட்டிருப்பேன் என்றும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அது சும்மா பேசனதுண்ணா,” என்றான்.

“தெரியும்.”

“நான் சீரியஸா சொல்லல. மதி போறதாத்தான் இருந்துச்சு. ஒங்ககிட்ட பேசிட்டு கார்த்திகைல அவங்களுக்குச் சொல்றேன்னுச்சு.”

“அடுத்த படத்தை எடுப்போம்.”

அதே நாளில் அவள் அளவுகோல் ஸ்லைடை நூறு லென்ஸில் எடுத்த சின்ன வீடியோவும் டிஸ்க்கில் இருந்தது. அதிலிருந்து ஒரு படம். சுதாகர் அதைக் கொண்டு கணக்குப் போட்டான். இருபத்தெட்டு புள்ளி இரண்டு. மூன்று படத்தின் மூலையிலும் பத்து மைக்ரான் கோடு போட்டு, பதினொன்றரைக்கு மேடத்துக்கு அனுப்பினான்.

பன்னிரண்டேகாலுக்கு மேடம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

“மூணும் தெளிவா இருக்கு. போதும், இப்பவே அனுப்பிடறேன். பேரு வரிசை மாறாது, மதிதான் முதல்ல. இளம்பரிதி இருக்காரா? தேங்க்ஸ்பா.”

“சரிங்க மேடம்,” என்றேன்.

வேலை முடிந்துவிட்டது. சுதாகர் எழுந்திருக்கவில்லை. ஸ்வீட் பாக்கெட்டின் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒரு வீடியோ மட்டும் காப்பி கெடைக்குமா? சத்தத்தோட.”

இல்லை என்று சொல்லலாம். டிஸ்க் என்னுடையது, குரல் என் மனைவியுடையது. அவன் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவான். சரி என்றும் சொல்லலாம். என் வாய்க்கு அதுதான் பழக்கம்.

“உங்ககிட்ட அவளோடது என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“எங்கிட்டயா?”

“போன்ல.”

கொஞ்சம் யோசித்தான். “வாய்ஸ் மெசேஜ் இருக்குதுண்ணா. பஸ்ல வரப்ப டைப் பண்ண சோம்பேறித்தனம் பட்டுக்கினு பேசி அனுப்பும். நூத்தம்பது இருக்கும். எல்லாம் ஸ்லைடு, ஆசிட், மேடத்தைத் திட்றது.”

“அனுப்புங்க.”

“அதுல…” என்று இழுத்தான்.

“என்ன?”

“அதுல கொஞ்சம் ஒங்களயும் திட்டியிருக்கும்.”

“எவ்வளவு?”

“நெறைய இல்ல. ஒரு பத்து, பாஞ்சு.” தரையைப் பார்த்தான். “பைக் சர்வீஸ் விடல, பொறந்தநாள மறந்துட்டாரு, அந்த மாதிரி. ஒரு தடவ எருமன்னுகூட சொல்லியிருக்குது. கோவத்துல.”

நான் அந்த வீடியோவை அவன் பென்டிரைவில் காப்பி போட்டேன். பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று காட்டியது.

“எல்லாத்தையும் அனுப்புங்க,” என்றேன். “திட்டினதை முதல்ல.”

சுதாகர் போனை எடுத்து, மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். பிறகு என் போன் மேஜையில் அதிர்ந்தது. திரும்பவும் அதிர்ந்தது. நான் அதைத் திறக்கவில்லை. எதையாவது ஒதுக்குகிறானா என்று அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.